தரையோரத்து ஓட்டை

மூட்டையைக் காலால் தள்ளாதீர்கள் அம்மா. சாப்பிடுகிற பொருள். மல்லாட்டை, உங்கள் பக்கம் வேர்க்கடலை என்பீர்கள். எங்கள் முதலாளிக்கு எடுத்துப்போகிறேன். இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள், என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். கண்டக்டர் ஏற்கெனவே ஒரு பாட்டம் ஆடிவிட்டான், லக்கேஜ் டிக்கெட் எடு என்று. மதகடிப்பட்டிலிருந்து பாண்டிக்குப் பதினான்கு வருடமாக இதே பஸ்ஸில் போகிறேன். என்னிடம் வந்து சட்டம் பேசுகிறான். என்னைக் கண்டால் எல்லாருக்கும் சட்டம் ஞாபகம் வந்துவிடுகிறது.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? நெல்லித்தோப்பா? நானும் அங்கேதான். பார்த்தால் டீச்சர் மாதிரி இருக்கிறீர்கள். ஆமாமா? நினைத்தேன், பையில் சிவப்புப் பேனா சொருகியிருக்கிறதே. நான் ஆறாவதோடு நின்றுவிட்டேன். ஆனால் படிப்பேன், கையெழுத்தும் போடுவேன். இன்றைக்கே ஒரு கையெழுத்துப் போடத்தான் போகிறேன். பதினொரு மணிக்கு எங்கள் கடை மாடிக்கு லேபர் ஆபீசர் வருகிறார். விசாரணை. நான்தான் சாட்சி.

கொலைக்கேஸ் ஒன்றும் இல்லை, நகர்ந்து உட்காராதீர்கள். ஆள் உயிரோடுதான் இருக்கிறான். எத்திராஜ் என்று பெயர். இடது கை நடுங்குகிறதாம், பேசும்போது பாதியில் சொல் மறந்துபோகிறதாம். பன்னிரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். இன்றைக்கு நான் என்ன சொல்கிறேனோ அதை வைத்துத்தான் அவனுக்கு வேலை உண்டா இல்லையா, வைத்தியச் செலவை முதலாளி ஏற்பாரா, இல்லை அவன் மேலேயே கேஸ் போடுவார்களா என்று முடிவாகும். அவனுக்கு வேண்டும். பெண்பிள்ளையைக் காலைப் பிடித்து இழுத்தவனுக்கு வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

கடை என்றால் பார். முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் சமையல்கட்டில். வெங்காயம் உரிப்பேன், மீன் கழுவுவேன், எலுமிச்சம்பழம் நறுக்குவேன். மணவாளன் மாஸ்டர் அடுப்பில் நிற்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். குடிக்கிறவன் முகத்தை நான் பார்த்ததில்லை, அவன் தின்கிற தட்டைத்தான் பார்த்திருக்கிறேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலாளி அந்தக் குழாய் பீரைக் கொண்டுவருகிற வரைக்கும்.

பாட்டிலில் வராது அது. இரும்புப் பீப்பாயில் வரும். பீப்பாயிலிருந்து குழாய் போட்டு கவுண்டரில் திருகினால் கிளாசில் இறங்கும். தானாக இறங்குமா? பின்னாலிருந்து கேஸ் தள்ள வேண்டும். அதற்கென்று கறுப்புச் சிலிண்டர், என் நெஞ்சு உயரம். சோடாவில் அடைக்கிற அதே கேஸ். சமையல்கட்டுக்குப் பின்னால் இரண்டு படி கீழே இறங்கினால் ஓர் அறை உண்டு. பழைய கட்டடம், சுவர் ஒரு முழத் தடிமன், சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். அங்கேதான் நான் காய்கறி வைப்பேன். பன்னிரண்டு வருடம் அது என் அறை. பீப்பாயையும் சிலிண்டரையும் கொண்டுவந்து அங்கே இறக்கினார்கள். கூடவே அவனையும் இறக்கினார்கள்.

சோடாக் கம்பெனியில் இருந்தவனாம். நாற்பது வயது இருக்கும். வந்த முதல் நாளே என் வெங்காய மூட்டையைத் தூக்கி வெளியே வைத்தான்.

"அக்கா, இனிமே இந்த ரூம்ல காய்கறி வோணாம்."

"ஏன், உன் சிலிண்டர் வெங்காயம் தின்னுதா?"

மாஸ்டர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அவன் சிரித்தே நான் பார்த்ததில்லை.

"இது பள்ளமான ரூமுக்கா. கேஸ் கசிஞ்சா மேல போவாது. தண்ணி மாதிரி தரையில நிக்கும். ஆளுங்க சும்மா சும்மா உள்ள வரக்கூடாது."

கேஸ் தண்ணீர் மாதிரி நிற்குமாம். எனக்குப் பாடம் சொல்கிறான். டீச்சர், நான் கேட்கிறேன், இருபத்தைந்து வருடம் கேஸ் அடுப்பில் சமைத்தவளுக்குக் கேஸைப் பற்றித் தெரியாதா? எங்கள் தெருவில் எதிர்வீட்டு சகுந்தலா விடியற்காலையில் எழுந்து ஸ்விட்சைப் போட்டாள். ராத்திரியெல்லாம் கசிந்த கேஸ். ஒரே சத்தம். கதவு எங்கள் வாசலில் வந்து விழுந்தது. அவளைப் பாயில் சுற்றித் தூக்கிப்போனதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் மூன்று தடவை ரெகுலேட்டரைத் திருகிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. நடு இரவில் எழுந்து நாலாவது தடவையும் பார்ப்பேன். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். என் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. மூன்று வீடு தள்ளிக் கேஸ் கசிந்தாலும் சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்டவளிடம் இவன் சட்டம் பேசுகிறான். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. உருட்டக் கூடாது. சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும். கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். ஒரு நாள் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துப் பள்ளிக்கூடம் மாதிரிச் சொன்னான்:

"உள்ள ஒருத்தர் மயங்கி வுழுந்தா, தூக்கறேன்னு இன்னொருத்தர் உள்ள போவக்கூடாது. கதவத் தொறந்து வுட்டுட்டு ஆளுங்களக் கூப்புடணும். போனா ரெண்டு பொணமாயிடும்."

"அப்போ நான் வுழுந்தா வுட்டுட்டுப் போயிடுவியா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. வுட்டுட்டுதான் போவேன்."

எல்லார் முன்னாலும். முகத்துக்கு நேரே. ஒரு பேச்சுக்குக்கூட, அதெப்படிக்கா வுடுவேன் என்று சொல்லவில்லை. ஈரம் இல்லாத மனுஷன். அன்றைக்கே எனக்கு அவன் மேல் மனசு விட்டுப்போய்விட்டது.

இது போதாதென்று, ஒரு பெட்டி வாங்கித் தரச் சொல்லி முதலாளியை நச்சரித்தான். கேஸ் கசிந்தால் அது கத்துமாம். முதலாளி என்னைப் பார்த்து, "இன்னா ஜெயக்கொடி, பெட்டி வாங்கலாமா?" என்றார். "எனக்கு மூக்கு இருக்குது முதலாளி, பெட்டி எதுக்கு?" என்றேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். பெட்டி வரவில்லை. எத்திராஜ் முகம் செத்துப்போயிற்று.

அதோடு விட்டானா? சந்துப் பக்கச் சுவரில் ஓர் ஓட்டை போட வைத்தான். தலைக்கு மேலே ஜன்னல் வைப்பார்கள், நெஞ்சளவில் வைப்பார்கள். இவன் தரையை ஒட்டி வைத்தான். ஒரு முழ அகலம். வெளிப்பக்கம் கம்பிவலை. கேட்டால், கேஸ் கீழேதான் போகும், கீழேதான் வழி வைக்க வேண்டும் என்கிறான்.

அந்தச் சந்து எப்படிப்பட்ட சந்து என்று உங்களுக்குத் தெரியாது. உள்ளே குடித்துவிட்டு வெளியே வந்து புகைக்கிற சந்து. ஒரு நாள் நான் மீன்தண்ணீர் ஊற்றப் போனேன். வலைக்கு வெளியே ஒரு சிகரெட் துண்டு கிடக்கிறது, நுனியில் சிவப்பாக நெருப்பு. உள்ளே நாலு சிலிண்டர். நடுவில் வெறும் வலை. சகுந்தலா வீட்டுக் கதவு கண்முன்னால் பறந்தது.

ஓடிப்போய் அவனிடம் சொன்னேன். சாவகாசமாக நின்று பதில் சொல்கிறான்: "இது நெருப்புப் பத்தாத கேஸ்க்கா. நெருப்ப அணைக்கிற கேஸ் இது. அடுப்பு கேஸ் வேற, இது வேற. நெருப்புக்கு நீ பயப்படாத. மூச்சுக்குப் பயப்படு."

கேஸில் நெருப்புப் பற்றாத கேஸ் உண்டா டீச்சர்? ... என்ன, உண்டா? சரி, நீங்கள் படித்தவர்கள், புத்தகத்தில் இருக்கும். எனக்குப் புத்தகம் தெரியாது. பாயில் சுற்றின சகுந்தலாவைத் தெரியும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்கிறவர்கள் சொல்லிக்காட்டக் கூடாது. அவன் காலையில் பத்து மணிக்கு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே போய்விடுவான். பதினொன்றுக்குக் குடிக்கிறவர்கள் வர ஆரம்பிப்பார்கள். அப்போது என் கோணி ஒன்றை நாலாக மடித்து அந்த ஓட்டையில் திணித்துவிடுவேன். நல்ல கெட்டிக் கோணி. எலி கடித்த இடத்தில் என் பழைய பச்சைப் புடவையைக் கிழித்து ஒட்டுப் போட்டுத் தைத்தது. ஒரு பொறிகூட உள்ளே வர முடியாது. கதவையும் சாத்திவிடுவேன், இந்தப் பக்கம் மாஸ்டர் அடுப்பு எரிகிறதே. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பும்போது கோணியை எடுத்து மடித்து வைத்துவிடுவேன். மூன்று வாரம் இப்படிக் காப்பாற்றினேன். மூன்று வாரமும் ஒன்றும் ஆகவில்லை. இதிலிருந்தே தெரியவில்லையா?

அரியூர் தாண்டிவிட்டதா? இன்னும் நேரம் இருக்கிறது.

அன்றைக்குக் கிருத்திகை. நான் விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் முக்கியம். எத்திராஜ் புதுச் சிலிண்டர் எடுத்துவர டிப்போவுக்குப் போயிருந்தான். இரண்டரை மணிக்குக் கவுண்டரில் ஒரே கூச்சல். குழாயில் பீர் சிறுநீர் மாதிரிச் சொட்டுகிறதாம். சர்வர் பையன்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். மாஸ்டர் என்னைப் பார்க்கிறார்.

"கேஸ் தீந்துபோச்சு போல," என்றார்.

கேஸ் தீர்ந்தால் வீட்டில் என்ன செய்வோம்? நீங்கள் சொல்லுங்கள். புதுச் சிலிண்டர் வருகிற வரைக்கும் பழையதைப் படுக்க வைத்து உருட்டினால் இரண்டு நாள் சமையல் ஓடிவிடும். நீங்கள் செய்வதில்லையா? செய்வீர்கள், வெளியே சொல்ல மாட்டீர்கள். எல்லார் வீட்டிலும் செய்வதுதான்.

உள்ளே போனேன். சங்கிலியைக் கழற்றினேன். என்ன கனம் தெரியுமா, தீர்ந்துபோனது மாதிரியே இல்லை. கீழே ஒரு சாக்கைப் போட்டு, மார்போடு அணைத்து, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாகக் கிடத்தினேன். மூன்று பிள்ளை பெற்ற இடுப்பு, தாங்கிற்று. ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தேன். இரண்டு ஆட்டு ஆட்டினேன். உடனே புஸ்ஸென்று சத்தம். ரெகுலேட்டரைச் சுற்றி வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது. மேலே கவுண்டரிலிருந்து கைதட்டல் கேட்கிறது, கிளாஸ் கிளாசாக நுரை பொங்கிக் கொட்டுகிறதாம். "ஜெயக்கொடி எஞ்சினீயராயிட்டா," என்றார் மாஸ்டர். எத்திராஜ் இரண்டு வருடமாகப் பிகு செய்துகொண்டிருந்த வேலை அவ்வளவுதான்.

கோணி ஓட்டையில் இருக்கிறதா என்று பார்த்தேன். கதவைச் சாத்தினேன். உள்ளே குக்கர் மாதிரி அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கேஸ் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது. என் பழக்கூடை அந்த அறையில்தான், பீப்பாய்க்குப் பின்னால். அவன் கண்ணில் படாமல் அங்கேதான் வைப்பேன், பன்னிரண்டு வருடப் பழக்கம். படி இறங்கினேன். முதலில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், துளி வாசனை இல்லை. மூக்குக்குள் மட்டும் சுரீர் என்றது, சோடாவை மடக்கென்று குடித்தால் ஏறுமே, அது மாதிரி. கூடையை எடுக்கக் குனிந்தேன். முழங்கால் மடங்கிற்று. அவ்வளவுதான் தெரியும். விரதம் டீச்சர். வெறும் வயிறு.

கண் விழித்தபோது சமையல்கட்டுத் தரையில் கிடக்கிறேன். தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பின்மண்டையில் இரண்டு இடத்தில் வீக்கம், படிக்கு ஒன்றாக. புடவை முழங்காலுக்கு மேலே. சர்வர்கள் இரண்டு பேரும் மாஸ்டரும் நிற்கிறார்கள். மாஸ்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். எத்திராஜ் அப்போதுதான் சிலிண்டரோடு வந்து இறங்கினானாம். கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தானாம். திறந்தானாம். நான் கிடக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, என் இரண்டு கணுக்காலையும் பிடித்து, தரதரவென்று படியில் இழுத்து மேலே போட்டானாம். சாக்கு மூட்டையை இழுக்கிற மாதிரி. தோளைப் பிடித்துத் தூக்கக் கூடாதா? ஒரு பெண்ணைக் கூப்பிடக் கூடாதா? என் புருஷன்கூட என்னைக் காலைத் தொட்டு இழுத்ததில்லை.

இன்னொன்று கவனித்தீர்களா? விழுந்தவரை எடுக்க உள்ளே போகக் கூடாது என்று எங்களை வரிசையில் நிற்க வைத்துச் சொன்னவன் யார்? இவன்தானே. இவனே போகிறான். ஊருக்குத்தான் சட்டம். அவன் லட்சணம் அவ்வளவுதான்.

என்னைப் போட்டுவிட்டு, "யாரும் உள்ள வராதீங்க, வால்வ மூடிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் இறங்கினானாம். வால்வை மூடினானாம். அப்புறம் சுவர்ப் பக்கம் தவழ்ந்து போனானாம். அங்கேயே கவிழ்ந்துவிட்டான். அவன் சொன்ன சொல்லைக் கேட்டு ஒருவனும் உள்ளே போகவில்லை. மாஸ்டர்தான் கடை ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பியை எடுத்து வந்து, படியில் நின்றபடியே அவன் பெல்ட்டில் மாட்டி இழுத்திருக்கிறார். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை மாட்டியிருக்கிறது. நான் விழித்தபோது அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உதடு நாவற்பழம் தின்றவன் மாதிரி இருந்தது.

எல்லாரும் அவனோடு போய்விட்டார்கள். நான் விழுந்தவள் இல்லையா? எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்க ஆளில்லை. மண்டை விண்விண் என்று தெறிக்கிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அறைக் கதவு திறந்து கிடந்தது, சந்துக் கதவும் திறந்து கிடந்தது, காற்று வந்துகொண்டிருந்தது. அப்புறம் எழுந்தேன். போட்டது போட்டபடி கிடந்தால் எனக்குப் பிடிக்காது. முதலாளி வந்தால் என்ன நினைப்பார்? சிலிண்டரை நிமிர்த்தினேன், இப்போது இறகு மாதிரி இருந்தது. சங்கிலியை மாட்டினேன். செங்கல்லைப் பழைய இடத்தில் வைத்தேன். என் கோணி பாதி வெளியே இழுபட்டுத் தொங்கிற்று. கூட்டத்தில் எவனாவது தூக்கிப்போய்விடுவான் என்று உருவி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். தரையைப் பெருக்கினேன். எலுமிச்சம்பழம் உருண்டு கிடந்தது, பொறுக்கினேன். வீட்டுக்குப் போய்க் கோணியை அலசிக் காயப்போட்டேன்.

மறுநாள் ஆபீசர் வந்தார். அறை கண்ணாடி மாதிரி இருந்தது. சிலிண்டர் நேராக நிற்கிறது, சங்கிலி இருக்கிறது, ஓட்டை திறந்திருக்கிறது. "எல்லாம் சரியாத்தானே இருக்குது, அப்புறம் எப்படிக் கேஸ் நின்னுச்சு?" என்று ஆபீசரே தலையைச் சொறிந்தார். முதலாளி சொன்னார், "வால்வத் தொறந்து வுட்டுட்டு எங்கியோ போயிட்டான் சார். போதையில இருந்திருப்பான்." மாஸ்டரும் முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்தானே, அதற்கே தலையாட்டினார். ஓட்டை எப்போதும் திறந்துதான் இருக்குமா என்று ஆபீசர் என்னைக் கேட்டார். திறந்துதான் இருக்கிறது சார், பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பொய்யா? திறந்துதானே இருந்தது.

கோணியைப் பற்றியா? அவர் கேட்கவில்லை டீச்சர். கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கோணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கோணியா ஆளை அடிக்கும்?

முந்தாநாள் அவன் பெண்டாட்டி வீடு தேடி வந்தாள். அஞ்சலாட்சி என்று பெயர். ஆறு சாத்துக்குடி வாங்கிவந்தாள். வாசலிலேயே நிற்க வைத்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, அவருக்கு நீங்க ஒண்ணும் பண்ண வோணாம். நடந்தத மட்டும் சொல்லிடுங்க."

"இன்னா நடந்துச்சு? உன் புருஷன் என் காலப் புடிச்சு இழுத்தான். அதச் சொல்லவா?"

"சொல்லுங்க. அதயும் சொல்லுங்க. அவரு இழுத்தாருன்னே சொல்லுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஓட்டையில என்னமோ அடச்சிருந்துச்சாம்க்கா. அத இழுக்கத்தான் கடசியாப் போனாராம். பச்சையாத் தெரிஞ்சுதாம். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச நேரத்துலருந்து பச்ச பச்சன்றாரு. மத்த சொல்லெல்லாம் மறந்துபோவுது, அது மட்டும் மறக்கல. ஆபீசருகிட்டயும் சொன்னாரு. அங்க ஒண்ணும் இல்லியே, மயக்கத்துல பாத்திருப்பன்னு சிரிச்சிட்டாராம்."

"மயக்கத்துல பச்சையும் தெரியும், மஞ்சளும் தெரியும்," என்றேன். "நீ போ தாயி."

சாத்துக்குடியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது திரும்பி, "உங்களுக்கு மண்டை வலி கொறஞ்சுதாக்கா? அவரு தெனம் கேக்கறாரு," என்றாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். இழுத்துப் படியில் மோத வைத்துவிட்டு விசாரிக்கிறானாம்.

முதலாளி நல்லவர். நேற்றுப் போன் செய்தார். "ஜெயக்கொடி, நீ பாத்தத மட்டும் சொல்லு. அவன்மேல வாட அடிச்சுதுன்னு சொல்லு. உன் வேலைக்கு நான் பொறுப்பு. அந்த ரூமையும் உனக்கே குடுத்துடறேன், காய்கறி வெச்சுக்கோ," என்றார். என் அறை எனக்குத் திரும்ப வருகிறது. அதற்குத்தான் இந்த மல்லாட்டை, எங்கள் கொல்லையில் விளைந்தது.

எத்திராஜ் குடிப்பானா என்றா கேட்கிறீர்கள்? குடித்து நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமே. பாரில் வேலை செய்கிறவன் இரண்டு வருடமாக ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வாடை அடித்தது என்று சொல்லப் போகிறேன். மயக்கத்தில் எப்படித் தெரியும் என்று ஆபீசர் கேட்கலாம். என் மூக்கு மயங்காது சார் என்பேன். கேஸ் கசிந்திருந்தால் என் மூக்குக்குத் தெரியாமல் போயிருக்குமா?

என்ன சொன்னீர்கள்? அந்தக் கேஸுக்கு வாசனையே கிடையாதா?

அடுப்பு கேஸுக்கு மட்டும் வேண்டுமென்றே நாற்றம் கலக்கிறார்களா? கசிந்தால் தெரியட்டும் என்றா? அப்படியென்றால் நான் இத்தனை வருடம் மோந்தது கேஸை இல்லையா?

யார் சொன்னது இதெல்லாம்? நீங்களும் அவன் மாதிரியே பேசுகிறீர்கள். அவனும் ஒரு நாள் இதைத்தான் சொன்னான், உன் மூக்கை நம்பாதேக்கா என்று. நான் நாலு நாள் அவனோடு பேசவில்லை. சரி, வாசனை இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நான் விழுந்தது விரதத்தால்தான். கிருத்திகை என்று சொன்னேனே. முதலிலேயே சொன்னேனே.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்கு அந்தப் பார்வை பிடிக்காது. அஞ்சலாட்சியும் வாசலில் நின்று இப்படித்தான் பார்த்தாள். நான் என்ன அவனை உள்ளே வரச் சொன்னேனா? விட்டுவிட்டுப் போவேன் என்று சொன்னவன் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் அவன் கை இன்றைக்கு நடுங்குமா?

விடுங்கள். உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. படித்தவர்களிடம் ஒன்றைச் சொன்னால் ஒன்பதாகத் திருப்புவீர்கள்.

நெல்லித்தோப்பு வந்துவிட்டது. எழுந்திருங்கள், இவன் நிறுத்தின கையோடு எடுத்துவிடுவான். இந்த மூட்டைக்கு மட்டும் கொஞ்சம் கை கொடுங்கள், இடுப்பில் ஏற்றிக்கொள்கிறேன். அவனும் வருகிறானாம் இன்றைக்கு, பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு. வரட்டும். அவன் எதிரிலேயே மேஜை மேல் இந்த மூட்டையை வைப்பேன், முதலாளிக்கு என் மேல் இருக்கிற மரியாதையை அவனும் பார்க்கட்டும்.

அந்தப் பக்கம் பிடிக்காதீர்கள், ஒட்டுத் தையல் விட்டுப்போகும். இப்படித் திருப்புங்கள். பச்சைத் துண்டு வெளியே தெரிகிற மாதிரி இருக்கட்டும். இல்லாவிட்டால் கடையில் மற்றக் கோணிகளோடு கலந்துபோகும். அதைப் பார்த்தால்தான் எல்லாருக்கும் தெரியும், ஜெயக்கொடி கோணி என்று.